ஊரார் வீட்டு நெய்: கட்சிகளுக்குப் போகும் கம்பெனிப் பணம் யாருடையது?

தேர்தல் பத்திரங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் கார்ப்பரேட் நன்கொடை குறையவில்லை. போகும் வழிதான் மாறியிருக்கிறது. வாங்கிய கட்சிகளைத் துளைத்தெடுத்த நாம், கொடுத்த நிறுவனங்களை என்ன கேட்டோம்?

2024 மார்ச் 14 அன்று மாலை, இந்தியத் தேர்தல் ஆணையம் தன் இணையதளத்தில் 763 பக்கங்களை ஏற்றியது. ஒரு பட்டியலில் தேர்தல் பத்திரம் வாங்கியவர்கள், இன்னொரு பட்டியலில் அவற்றைப் பணமாக்கிய கட்சிகள். யார் கொடுத்தது யாருக்குப் போனது என்று பொருத்திப் பார்க்க உதவும் எண் மட்டும் அன்று இல்லை. நாட்டின் மிகப் பெரிய தொழில் குடும்பங்களின் பெயர்தான் உச்சியில் இருக்கும் என்று நினைத்துத் தேடியவர்கள் போய் நின்ற இடம் கோயம்புத்தூர். ‘லாட்டரி மார்ட்டின்’ என்று தமிழகம் அறிந்த சாண்டியாகோ மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங் அண்ட் ஹோட்டல் சர்வீசஸ் நிறுவனம் ரூ.1,368 கோடிக்குப் பத்திரம் வாங்கி முதலிடத்தில் இருந்தது.

ஒரு வாரம் கழித்து, நீதிமன்றத்தின் கண்டிப்புக்குப் பிறகு, பத்திர எண்களும் வெளிவந்தன. மார்ட்டின் நிறுவனத்தின் பணத்தில் திரிணமூல் காங்கிரஸுக்கு ரூ.542 கோடி, தி.மு.க-வுக்கு ரூ.500 கோடிக்கு மேல், ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸுக்கு ரூ.154 கோடி, பா.ஜ.க-வுக்கு ரூ.100 கோடி, காங்கிரஸுக்கு ரூ.50 கோடி. ஒருவரையொருவர் மேடையில் வறுத்தெடுக்கும் கட்சிகள் அத்தனையும் ஒரே கம்பெனியின் கொடைப் பட்டியலில் வரிசையாக நின்றன. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. தன் தொழிலுக்கே இடமில்லாத மாநிலத்தின் கட்சிக்கு ஒரு லாட்டரி நிறுவனம் இவ்வளவு பணம் ஏன் கொடுக்கிறது? கொள்கைப் பிடிப்பு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அன்றிலிருந்து தொலைக்காட்சி விவாதங்களில் சூடு பறந்தது. எந்தக் கட்சி எவ்வளவு வாங்கியது, ரெய்டுக்குப் பிறகு வாங்கியதா, டெண்டருக்கு முன்பு வாங்கியதா என்றெல்லாம் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் கொடுத்த கம்பெனிக்குள் என்ன நடந்தது? எந்த இயக்குநர் குழு, எந்தக் காரணத்தைப் பதிவு செய்து, யாருடைய பணத்தை எடுத்துக் கொடுத்தது? அந்தக் கதவை நாம் இன்னும் தட்டவே இல்லை.

திரை போட்ட விதம்

2017 பட்ஜெட் உரையில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி தேர்தல் பத்திரத் திட்டத்தை அறிவித்தார். நிதி மசோதாவோடு சேர்த்துப் பண மசோதாவாகவே அது நிறைவேறியதால் மாநிலங்களவையால் தடுக்க முடியவில்லை. 2018 ஜனவரியில் திட்டம் அமலுக்கு வந்தது. ரூ.1,000 முதல் ரூ.1 கோடி வரை ஐந்து மதிப்புகளில் பத்திரங்கள். பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைகளில் மட்டும் விற்பனை. வாங்கிய பத்திரத்தைக் கட்சி 15 நாளுக்குள் பணமாக்க வேண்டும். பத்திரத்தில் கொடுப்பவர் பெயரும் இருக்காது, வாங்குபவர் பெயரும் இருக்காது. அச்சுச் செலவையும் வங்கிக் கமிஷனையும் கொடுப்பவரிடம் வாங்கவில்லை. அதுவும் அரசுக் கணக்கில், அதாவது நம் கணக்கில்.

பெயர் இல்லை என்றார்களே தவிர, அடையாளம் இல்லாமல் இல்லை. 2018 ஏப்ரலில் பூனம் அகர்வால் என்ற பத்திரிகையாளர் தானே பத்திரங்களை வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினார். புற ஊதா ஒளியில் பார்த்தபோது கண்ணுக்குத் தெரியாத எண் ஒன்று ஒவ்வொரு பத்திரத்திலும் இருந்தது தெரிந்தது. கொடுத்தவர் யார் என்பதை அரசு வங்கி அறிய முடியும். வாக்காளர் மட்டும் அறிய முடியாது என்பதே திட்டத்தின் உள்ளடக்கம்.

பத்திரத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு நாம் பேசாமல் விட்ட இன்னொரு மாற்றமும் அதே நிதிச் சட்டத்தில் இருந்தது. கம்பெனிகள் சட்டத்தின் 182-வது பிரிவு. அதற்கு முன்பு ஒரு கம்பெனி தன் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது. எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று லாப நட்டக் கணக்கில் எழுத வேண்டும். 2017-ல் உச்சவரம்பும் போனது, கட்சியின் பெயரைச் சொல்லும் கடமையும் போனது. மொத்தத் தொகையை மட்டும் ஒரு வரியில் காட்டினால் போதும் என்றானது. பெயரளவுக்கு ஒரு கம்பெனியைத் தொடங்கி, அதன் வழியாக யார் பணத்தையும் கட்சிக்குத் தள்ள முடியும் என்று அதே ஆண்டு மே மாதம் தேர்தல் ஆணையம் சட்ட அமைச்சகத்துக்கு எழுதி எச்சரித்தது. ரிசர்வ் வங்கியும் ஆட்சேபித்தது. இரண்டு எச்சரிக்கையும் கோப்பில் தங்கிவிட்டன.

வெளிநாட்டுப் பணத்துக்கான கதவு அதற்கு முன்பே திறந்திருந்தது. வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த ஸ்டெர்லைட், சேசா நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கியதில் பா.ஜ.க-வும் காங்கிரஸும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை மீறியதாக 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தூத்துக்குடி ஆலையால் நாம் நன்கறிந்த அதே ஸ்டெர்லைட்தான். தண்டனை வரும் என்று காத்திருந்தவர்கள் சட்டத்திருத்தம் வந்ததைப் பார்த்தார்கள். 2016-லும் 2018-லும் நிதிச் சட்டங்கள் வழியாக ‘வெளிநாட்டு மூலம்’ என்பதன் பொருளையே முன்தேதியிட்டு, 1976 வரை பின்னால் போய், மாற்றிவிட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட இரண்டு கட்சிகளுமே மூச்சுவிட்டன.

லாபத்தை மிஞ்சிய தாராளம்

2024 பிப்ரவரி 15 அன்று தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் திட்டத்தை ரத்து செய்தது. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம், காமன் காஸ், மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி உள்ளிட்டோர் தொடுத்த வழக்கு. பத்திரத்தை ரத்து செய்ததோடு நீதிமன்றம் நிற்கவில்லை. கம்பெனிகள் வரம்பில்லாமல் கொடுக்கலாம் என்ற 2017 திருத்தமும் செல்லாது என்றது. தனிமனிதர் தரும் நன்கொடையில் ஆதரவு உணர்வு இருக்கலாம். கம்பெனி தருவது பதிலுக்கு ஆதாயம் எதிர்பார்க்கும் வியாபாரக் கொடுக்கல் வாங்கல்தான் என்று தீர்ப்பு வெளிப்படையாகச் சொன்னது.

விவரங்களைத் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது ஸ்டேட் வங்கி. அதாவது மக்களவைத் தேர்தல் முடிந்த பிறகு. மார்ச் 11 அன்று நீதிமன்றம் மறுக்க, மறுநாளே விவரம் கொடுக்கப்பட்டது. நான்கு மாதம் பிடிக்கும் என்ற வேலை ஒரே நாளில் முடிந்தது.

மொத்தத்தில் ரூ.16,518 கோடிக்குப் பத்திரங்கள் விற்றிருந்தன. வெளியான காலத்தில், 2019 ஏப்ரல் 12 முதல், பா.ஜ.க. பணமாக்கியது ரூ.6,060 கோடி. திரிணமூல் ரூ.1,609 கோடி, காங்கிரஸ் ரூ.1,421 கோடி, பாரத் ராஷ்டிர சமிதி ரூ.1,214 கோடி, பிஜு ஜனதா தளம் ரூ.775 கோடி, தி.மு.க. ரூ.639 கோடி. மாநிலத்தில் ஆட்சியில் இருந்த கட்சிகள் முன்வரிசையில் நின்றதைக் கவனியுங்கள். தி.மு.க-வும் அ.தி.மு.க-வும் தமக்குக் கொடுத்தவர்களின் பெயரைத் தாமாகவே ஆணையத்திடம் சொன்ன சில கட்சிகளில் சேரும் என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய தேசியக் கட்சிகள் அதைச் செய்யவில்லை.

கம்பெனிகளின் பக்கம் திரும்பினால் கணக்கு இன்னும் விநோதம். 2016-17 முதல் 2022-23 வரையிலான ஏழு ஆண்டுகளில் மொத்தமாக ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் கண்ட 33 நிறுவனங்கள் சுமார் ரூ.582 கோடிக்குப் பத்திரம் வாங்கியிருந்ததாக ‘தி இந்து’ ஆங்கில நாளிதழின் ஆய்வு காட்டியது. அதில் நான்கில் மூன்று பங்கு பா.ஜ.க-வுக்குப் போனது. தொடங்கி மூன்று ஆண்டு முடியாத கம்பெனி கட்சிக்குக் கொடுக்கவே கூடாது என்பது சட்டம். இந்த விதி 2017-லும் மாறவில்லை. ஆனாலும் அப்படிப்பட்ட 20 இளம் கம்பெனிகள் சுமார் ரூ.103 கோடி கொடுத்திருந்தன.

குவிக் சப்ளை செயின் என்ற நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பத்திரம் வாங்கியவர்களில் மூன்றாமிடம், ரூ.410 கோடி. 2021-22-ல் மட்டும் ரூ.360 கோடிக்கு வாங்கியது. அந்த ஆண்டு அதன் லாபம் ரூ.21.72 கோடி. அந்த லாபத்தையே மூன்றாண்டுச் சராசரியாக வைத்துக்கொண்டாலும், பழைய 7.5 சதவீத வரம்பு இருந்திருந்தால் அது ரூ.1.63 கோடிக்கு மேல் கொடுத்திருக்க முடியாது. ரூ.360 கோடி யாருடைய பணம் என்ற கேள்விக்கு ஆண்டறிக்கையில் பதில் கிடையாது.

காலக்கணக்கும் உறுத்துகிறது. 2022 ஏப்ரல் தொடக்கத்தில் ஃபியூச்சர் கேமிங் தொடர்பான ரூ.400 கோடிக்கு மேற்பட்ட சொத்துகளை அமலாக்கத்துறை முடக்கியது. சில நாளில் அந்நிறுவனம் ரூ.100 கோடிக்குப் பத்திரம் வாங்கியது. 2022 நவம்பர் 10 அன்று டெல்லி மதுபானக் கொள்கை வழக்கில் அரவிந்தோ ஃபார்மாவின் இயக்குநர் ஒருவர் கைதானார். ஐந்தே நாளில் கம்பெனி வாங்கிய ரூ.5 கோடி பத்திரம் பா.ஜ.க-வுக்குப் போனது. பிறகு அவர் அப்ரூவர் ஆனார். ஒன்றால்தான் மற்றொன்று நடந்தது என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. சொல்லும் வாய்ப்பும் குறைவு. சிறப்புப் புலனாய்வுக் குழு வேண்டும் என்ற மனுக்களை 2024 ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. குறிப்பிட்ட புகார் உள்ளவர்கள் வழக்கமான சட்டவழிகளில் போகலாம் என்றது.

1957-ல் கேட்ட கேள்வி

இந்த விவாதம் நேற்று முளைத்ததில்லை. 1957-ல் டாடா இரும்பு எஃகு நிறுவனம் கட்சிகளுக்கு நன்கொடை தர வசதியாகத் தன் அமைப்பு ஆவணத்தைத் திருத்த முயன்றது. எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனவர் ஒரு பங்குதாரர். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா, சட்டத்தில் தடையில்லை என்பதால் கம்பெனிக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தார். ஆனால் கையெழுத்திடும் முன்பு, பெரும் பணம் தேர்தலுக்குள் வந்தால் ஜனநாயகத்தின் குரல்வளையையே நெரித்துவிடும் என்ற அச்சத்தைப் பதிவு செய்து, நாடாளுமன்றம் தலையிட வேண்டும் என்றும் எழுதினார்.

நாடாளுமன்றம் 1960-ல் தலையிட்டது. சராசரி லாபத்தில் 5 சதவீதம் அல்லது ரூ.25,000, எது அதிகமோ அதுவே வரம்பு என்றது. கட்சியின் பெயரைக் கணக்கில் காட்டச் சொன்னது. அந்தக் காலத்தில் கொடுப்பதில் ஒரு நேர்மையும் இருந்தது. ராஜாஜி 1959-ல் சென்னையில் தொடங்கிய சுதந்திரா கட்சிக்கும் நிதி தரப் போகிறோம் என்று ஜே.ஆர்.டி.டாடா 1961-ல் பிரதமர் நேருவுக்கே கடிதம் எழுதிச் சொன்னார். ஆளுங்கட்சிக்குத் தெரிந்தால் ஆபத்து என்று அவர் ஒளிக்கவில்லை.

1969-ல் இந்திரா காந்தி அரசு கம்பெனி நன்கொடையை முற்றிலும் தடை செய்தது. கொடுப்பது நின்றதா? காசோலை நின்றது, சூட்கேஸ் வந்தது. 1985-ல் ராஜீவ் காந்தி அரசு தடையை நீக்கி 5 சதவீத வரம்போடு திரும்ப அனுமதித்தது. 2013-ல் அது 7.5 ஆனது. இந்த நீண்ட வரலாற்றில் வரம்பு ஏறியது, இறங்கியது, மறைந்தது, மீண்டது. ஆனால் சாக்ளா முன் நின்ற அந்தப் பங்குதாரரின் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது: என் பணத்தை என்னைக் கேட்காமல் எந்தக் கட்சிக்கும் கொடுக்க நீங்கள் யார்?

கோயிலுக்குக் கேட்க வேண்டும், கட்சிக்குக் கேட்க வேண்டாம்

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். நம் கம்பெனிகள் சட்டத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பிரிவுகளைப் படித்தால் இந்தப் பழமொழி சும்மா பிறக்கவில்லை என்று புரியும்.

181-வது பிரிவு அறக்கொடை பற்றியது. ஒரு கம்பெனி மருத்துவமனைக்கோ, கோயில் திருப்பணிக்கோ, வெள்ள நிவாரணத்துக்கோ சராசரி லாபத்தில் 5 சதவீதத்துக்கு மேல் கொடுக்க விரும்பினால், பங்குதாரர்களின் பொதுக்கூட்டத்தில் முன்அனுமதி பெற வேண்டும். அடுத்த பிரிவு 182, அரசியல் நன்கொடை பற்றியது. இங்கே 7.5 சதவீதம் வரை கொடுக்கலாம். இயக்குநர் குழுவின் தீர்மானம் போதும். பங்குதாரரைக் கேட்கத் தேவையில்லை. புற்றுநோய் மருத்துவமனைக்குக் கொடுப்பதைவிடக் கட்சிக்குக் கொடுப்பது எளிது!

சமூகப் பொறுப்பு நிதியான சி.எஸ்.ஆரோடு ஒப்பிட்டால் முரண் இன்னும் பெரிது. லாபத்தில் 2 சதவீதத்தைப் பள்ளிக்கும் குளத்துக்கும் செலவிட, இயக்குநர் குழுவுக்குள் தனிக்குழு, எழுதப்பட்ட கொள்கை, ஆண்டறிக்கையில் திட்டவாரியான இணைப்பு, இணையதளத்தில் வெளியீடு என்று அத்தனை சம்பிரதாயம். அதைப் போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வரை கட்சிக்குக் கொடுக்க, லாப நட்டக் கணக்கில் ஒரு வரி.

அந்தப் பணம் யாருடையது? பட்டியலிடப்பட்ட ஒரு பெரிய கம்பெனியின் பங்குகளில் எல்.ஐ.சி. இருக்கும், நம் பாலிசிப் பணம். வருங்கால வைப்பு நிதி அமைப்பு தனக்குப் புதிதாக வரும் தொகையில் 15 சதவீதம் வரை இ.டி.எஃப். வழியாகப் பங்குச்சந்தையில் போடுகிறது. திருப்பூரில் தையல் இயந்திரத்தின் முன் உட்காரும் தொழிலாளியின் பி.எஃப். பிடித்தமும் அதில் அடக்கம். மாதம் ஆயிரம் ரூபாய் எஸ்.ஐ.பி. கட்டும் பள்ளி ஆசிரியரின் பணமும் அங்கேதான் இருக்கிறது. பா.ஜ.க-வுக்கு ஓட்டுப் போடாதவர், தி.மு.க-வுக்கு ஓட்டுப் போடாதவர் எல்லோருடைய சேமிப்பிலிருந்தும் அந்தந்தக் கட்சிக்குப் பணம் போகிறது. பழைய வரி விகிதத்தில் இருக்கும் கம்பெனிக்கு இந்த நன்கொடைக்கு முழு வரிவிலக்கும் உண்டு. அப்படியானால் அந்தச் சுமையில் ஒரு பகுதி பங்கே வாங்காதவர் தலையிலும் விழுகிறது.

லண்டன் சொன்ன வழி, ஒஹையோ சொன்ன பாடம்

பிரிட்டன் இந்தப் பிரச்சினையை 2000-ல் நேரடியாக அணுகியது. கம்பெனி ஓராண்டில் 5,000 பவுண்டுக்கு மேல் அரசியல் நன்கொடை தர வேண்டுமானால் பங்குதாரர்கள் தீர்மானம் போட்டு அனுமதிக்க வேண்டும். அனுமதியில்லாமல் கொடுத்தால், அந்தத் தொகையை வட்டியோடு இயக்குநர்களே சொந்தப் பணத்திலிருந்து கம்பெனிக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். இயக்குநர்கள் மறுத்தால், 50 பங்குதாரர்கள் சேர்ந்து கம்பெனியின் சார்பில் வழக்குப் போடலாம். விளைவு என்ன தெரியுமா? அங்கே பல பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் முன்னெச்சரிக்கையாக அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றுகின்றன. கூடவே, கட்சிகளுக்குக் கொடுக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை என்றும் எழுதி வைக்கின்றன.

அமெரிக்கா வேறு பாதையில் போனது. 2010-ல் ‘சிட்டிசன்ஸ் யுனைடெட்’ வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கம்பெனிகள் தேர்தலில் தனித்துச் செலவிடத் தடை கூடாது என்றது. இணையம் இருக்கிறதே, பங்குதாரர்கள் உடனுக்குடன் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொள்வார்கள் என்றும் நம்பிக்கை சொன்னது. ஆனால் பார்ப்பதற்கு விவரம் வேண்டுமே! கம்பெனிகள் அரசியல் செலவை வெளியிட விதி கொண்டுவரச் சொல்லிப் பங்குச்சந்தை ஆணையத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் போயின. 2015 இறுதியில் நாடாளுமன்றம் பட்ஜெட் சட்டத்துக்குள் ஒரு வரியைச் செருகி, அப்படியொரு விதியை இறுதி செய்யவே ஆணையத்துக்குத் தடை போட்டது.

அந்த இருட்டில் வளர்ந்ததுதான் ஒஹையோ மாநிலத்தின் ஃபர்ஸ்ட்எனர்ஜி விவகாரம். மின் நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் பெயர் வெளியிடத் தேவையில்லாத ஓர் அமைப்பின் வழியாகச் சுமார் 6 கோடி டாலர் கொடுத்தார்கள். நலிந்த அணுமின் நிலையங்களைக் காப்பாற்றும் சட்டம் 2019-ல் நிறைவேறியது. அந்தப் பணம் போய்ச் சேர்ந்த, மாநிலப் பிரதிநிதிகள் சபையின் அன்றைய சபாநாயகர் லாரி ஹவுஸ்ஹோல்டருக்கு 2023-ல் 20 ஆண்டுச் சிறை. கம்பெனி 23 கோடி டாலர் அபராதம் கட்டியது. நமக்கான செய்தி அதற்குப் பிறகு வருகிறது. பங்குதாரர்கள் இயக்குநர்கள் மீதே வழக்குப் போட்டார்கள். 18 கோடி டாலருக்குச் சமரசமானது. ஆறு இயக்குநர்கள் மறுதேர்வுக்கு நிற்காமல் வெளியேறினார்கள். லஞ்சம் வாங்கியவர் சிறைக்குப் போனதோடு கணக்கு முடியவில்லை. கொடுக்கச் சொன்ன நாற்காலிகளும் காலியாயின.

புதிய வழி: அறக்கட்டளை

இந்தியாவில் தீர்ப்புக்குப் பிறகு பணம், கம்பெனிகளிடம் வாங்கிக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தேர்தல் அறக்கட்டளைகள் பக்கம் திரும்பியது. 2023-24-ல் இந்த வழியில் கட்சிகளுக்குப் போனது சுமார் ரூ.1,218 கோடி. 2024-25-ல் அது ரூ.3,811 கோடி. அதில் பா.ஜ.க-வுக்கு மட்டும் ரூ.3,112 கோடி; நூறு ரூபாயில் ஏறத்தாழ எண்பத்திரண்டு ரூபாய்.

அறக்கட்டளை பத்திரத்தைவிடத் தேவலாம். கொடுத்த கம்பெனிகளின் பெயரும், வாங்கிய கட்சிகளின் பெயரும் ஆணையத்துக்குப் போகின்றன, மக்கள் படிக்கலாம். ஆனால் பத்துக் கம்பெனிகளின் பணம் ஒரே பெட்டியில் விழுந்து நான்கு கட்சிகளுக்குப் பிரியும்போது, யாருடையது யாருக்கு என்ற கோடு நடுவில் அறுந்துவிடுகிறது. இதற்குச் சட்டத்தின் ஆசியும் உண்டு. அறக்கட்டளைக்குக் கொடுத்த தொகையை மட்டும் கணக்கில் காட்டினால் போதும், கட்சி விவரம் தேவையில்லை என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2013 டிசம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. உச்ச நீதிமன்றம் மீட்டுக் கொடுத்த வெளிப்படைத்தன்மையை ஒரு பழைய சுற்றறிக்கை பாதியாக்கி வைத்திருக்கிறது.

எதிர்வாதங்கள்

பெயர் வெளியே தெரிந்தால் எதிர்க்கட்சிக்குக் கொடுத்தவரை ஆளுங்கட்சி பழிவாங்கும் என்பது பத்திரத்தை ஆதரித்தவர்களின் வாதம். பயம் நியாயமானது. ஆனால் ரெய்டு அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் அரசுக்குத் தகவல் எட்டக்கூடிய ஏற்பாட்டில் இருட்டு யாரைக் காப்பாற்றும்? ஊருக்கே தெரிந்த நன்கொடைக்குப் பழிவாங்கினால் அதுவும் ஊருக்கே தெரியும்.

கெடுபிடி செய்தால் கறுப்புப் பணம் திரும்பும் என்பது இரண்டாவது வாதம். 1969-க்குப் பிறகு அப்படித்தான் நடந்தது. எனவேதான் முழுத் தடையை இந்தக் கட்டுரை கேட்கவில்லை. கொடுக்கட்டும்; யாரைக் கேட்டுக் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்று சொல்லிக் கொடுக்கட்டும்.

மூன்றாவது வாதம் கனமானது. பங்குதாரர் ஓட்டு என்றால் மெஜாரிட்டி பங்கு வைத்திருக்கும் முதலாளிக் குடும்பமே ஜெயிக்கும். தவிரவும், ஃபியூச்சர் கேமிங், குவிக் போன்றவை பங்குச்சந்தையில் இல்லாத தனியார் கம்பெனிகள். அங்கே கேள்வி கேட்க வெளிப் பங்குதாரரே கிடையாது. உண்மை. ஆகவே இரண்டு வகைக் கம்பெனிகளுக்கு இரண்டு வகைக் கடிவாளம் வேண்டும்.

பட்டியலிட்ட கம்பெனிகளில், அரசியல் நன்கொடைக்குப் பொதுக்கூட்ட ஒப்புதலைக் கட்டாயமாக்கி, அந்த ஓட்டெடுப்பில் முதலாளித் தரப்பு விலகி நிற்க வேண்டும். வேண்டியவர்களோடு கம்பெனி செய்யும் பெரிய பேரங்களுக்கு செபி ஏற்கெனவே இதே விதியைத்தான் வைத்திருக்கிறது. பட்டியலிடாத கம்பெனிகளில், 7.5 சதவீத வரம்பும் மூன்றாண்டு விதியும் மீறப்பட்டனவா என்று தணிக்கையாளர் தனியாகச் சான்று தர வேண்டும். மீறினால் கம்பெனிப் பதிவாளர் தானாக நடவடிக்கை எடுக்க வேண்டும். கொடுத்த தொகையைப் போல் ஐந்து மடங்கு வரை அபராதமும், பொறுப்பான அதிகாரிகளுக்கு ஆறு மாதம் வரை சிறையும் 182-வது பிரிவிலேயே இருக்கின்றன. பல்லுள்ள சட்டம்தான், கடிக்கத்தான் ஆளில்லை.

இரு வகைக்கும் பொதுவாக ஒன்று உண்டு. அமெரிக்காவில் மத்திய அரசு ஒப்பந்தம் வைத்திருப்பவர் தேர்தல் நன்கொடை தர 1940-லிருந்தே தடை. நம் பட்டியலில் இரண்டாமிடம் ஹைதராபாத்தின் மேகா இன்ஜினீயரிங், ரூ.966 கோடி. அணை, சுரங்கப்பாதை, குடிநீர் என்று அரசு ஒப்பந்தங்களாலேயே வளர்ந்த நிறுவனம். அரசாங்கம் கட்டும் பில்லில் வாழும் கம்பெனி, அந்த அரசை நடத்தும் கட்சிக்குக் கொடுப்பதை நன்கொடை என்று அழைப்பதே தமாஷ். ஒப்பந்தக் காலத்திலும், டெண்டருக்கு முன்னும் பின்னும் சில ஆண்டுகளுக்கும் அதற்குத் தடை வந்தாக வேண்டும்.

ஆண்டறிக்கையில் எங்கே தேடுவது?

உங்களிடம் பத்துப் பங்கு இருந்தாலும் ஆண்டறிக்கை மின்னஞ்சலில் வரும். அதில் லாப நட்டக் கணக்கின் ‘இதர செலவுகள்’ குறிப்பைத் திறந்து, அரசியல் நன்கொடை அல்லது தேர்தல் அறக்கட்டளை என்ற வரி இருக்கிறதா பாருங்கள். கட்சியின் பெயர் இருக்க வேண்டும். அறக்கட்டளையின் பெயர் மட்டும் இருந்தால், தேர்தல் ஆணைய இணையதளத்தில் அந்த அறக்கட்டளையின் ஆண்டு அறிக்கையை எடுத்துத் தேதிகளை ஒப்பிடுங்கள். கம்பெனி கொடுத்த அடுத்த சில நாளில் எந்தக் கட்சிக்குப் பணம் போயிருக்கிறது என்று ஓரளவு தெரியும். பொதுக்கூட்டம் இப்போது பெரும்பாலும் காணொளியில்தான் நடக்கிறது. பேச முன்கூட்டியே பதிவு செய்து மூன்று கேள்வி கேட்கலாம். தீர்மானம் எந்தத் தேதியில் போடப்பட்டது? சுயேச்சை இயக்குநர்கள் யாராவது மறுத்தார்களா? அந்த ஆண்டில் கம்பெனி மீது அமலாக்கத்துறை, வருமான வரித்துறை விசாரணை ஏதும் இருந்ததா? இயக்குநர்களின் செயல் கம்பெனிக்குக் கேடு என்று தோன்றினால், 100 பங்குதாரர்கள் சேர்ந்து தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் கூட்டு வழக்குப் போட 245-வது பிரிவில் இடமிருக்கிறது.

யார் முதலில் கேட்பது?

182-வது பிரிவில் 181-ன் வாசகத்தைச் சேர்க்க ஒரு வரித் திருத்தம் போதும். ஆனால் அந்த வரியை எழுத வேண்டியவர்கள் பணம் வாங்கும் கட்சிகள்தான். கொடுப்பவர் கையைக் கட்டும் சட்டத்தை வாங்குபவர் தானாகக் கொண்டுவருவார் என்று இன்று நம்ப முடியாது. அரசுக்குச் சொந்தமான எல்.ஐ.சி. ஆளுங்கட்சி நன்கொடை பற்றி வாய் திறக்கும் என்று எதிர்பார்ப்பதும் வீண்.

மிஞ்சுவது மியூச்சுவல் ஃபண்டுகள். கோடிக்கணக்கான குடும்பங்களின் பணத்தை வைத்திருப்பவை. முதலீடு செய்த கம்பெனிகளைக் கண்காணிப்பது அவற்றின் கடமை என்று செபியின் விதி 2020-லிருந்து சொல்கிறது. கம்பெனித் தீர்மானங்களில் ஓட்டுப் போடுவதும், எப்படிப் போட்டோம் என்று வெளியிடுவதும் கட்டாயம். அரசியல் நன்கொடை மட்டும் தீர்மானமாக வருவதே இல்லை என்பதால் இதுவரை அவை வசதியாகத் தப்பித்துக்கொண்டன. தீர்மானம் வராவிட்டாலும் கேள்வி கேட்கலாம், கடிதம் எழுதலாம், பதில் சொல்லாத இயக்குநரின் மறுநியமனத்தை எதிர்த்து ஓட்டுப் போடலாம். இதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. நாம் செலுத்தும் எஸ்.ஐ.பி-யை நிர்வகிக்கக் கட்டணம் வாங்கும் நிறுவனத்துக்கு, நன்கொடை பற்றி உங்கள் கொள்கை என்ன என்று இந்த வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்ப நமக்கும் யார் அனுமதியும் தேவையில்லை.